பழைய வேக்குவம் கிளீனர் மோட்டாரில் சிக்கிய விசிறி: அறிகுறி பார்த்துக் கழற்றும் வழி

1930-களிலிருந்து 60-கள் வரை வந்த வேக்குவம் கிளீனர்களைத் திறப்பவர்கள் பெரும்பாலும் விசிறியில்தான் சிக்கி நிற்கிறார்கள். பேரிங் மாற்ற வேண்டுமா, ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) வெளியே எடுக்க வேண்டுமா, எதுவானாலும் முதலில் விசிறி ஷாஃப்டை விட்டு வர வேண்டும். அது வராது. அடுத்து கை சுத்தியலைத் தேடும். அத்தனை வருடம் தாங்கிய மோட்டார் பாழாவது அப்போதுதான்.

விசிறி வராததற்குப் பல காரணங்கள் உண்டு. நட் இடது மரையாக (வலப்பக்கம் திருப்பினால் கழலுவது) இருக்கலாம். துரு பிடித்திருக்கலாம். நட்டே இல்லாமல் விசிறியே மரையில் ஏறியிருக்கலாம். முடியும் நூலும் சுற்றி இறுகியிருக்கலாம். ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் ஏதாவது உடையும். எது பிடித்திருக்கிறது என்று தெரியும்வரை பலத்தைக் காட்ட வேண்டாம்.

இயந்திரம் எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் ஊரில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்லர் 1908-ல் காப்புரிமை பெற்று ஹூவர் குடும்பத்துக்கு விற்ற அமைப்பிலிருந்து வளர்ந்தவை நிமிர்ந்து நிற்கும் வகை. இவற்றில் பெரும்பாலும் தூசு விசிறி வழியாகவே போய்த்தான் பைக்குள் விழும். ஈரம், மணல், நாணயம், தலைமுடி எல்லாம் விசிறிமேல் படும். இன்னொன்று தரையில் இழுத்துப்போகும் தொட்டி வகை. 1921-ல் எலக்ட்ரோலக்ஸ் கொண்டுவந்த மாடல் வி, 1937-ன் எக்ஸ்எக்ஸ்எக்ஸ் போன்றவை இந்த வரிசை. இதில் காற்று முதலில் பையில் வடிகட்டப்பட்டு அப்புறம்தான் விசிறிக்கு வரும். விசிறி சுத்தமாக இருக்கும். ஆனால் பல மோட்டார்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விசிறிகளும் நடுவே அசையாத ஒரு தட்டும் இருக்கும், சிக்கல் அங்கே.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். உள்ளே இருப்பது யாரோ ஒருவர் வீட்டின் பல வருடத் தூசு. கழற்றும் ஒவ்வொரு வாஷரையும் அது இருந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். போட்டோ எடுத்தாலும் இதைச் செய்யுங்கள். ஒரே அளவில் தெரியும் இரண்டு வாஷர்களின் தடிமன் வேறாக இருக்கும், போட்டோவில் அது தெரியாது. அமெரிக்க இயந்திரம் என்றால் தகட்டில் வோல்டேஜைப் படியுங்கள். 110, 115, 120 என்று எது இருந்தாலும் நம் 230-ல் நேராகச் செருகக் கூடாது, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். இது மிக்சியில் இருப்பது போன்ற யூனிவர்சல் மோட்டார், 50-லும் ஓடும்.

ஸ்விட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை

ஒரு சத்தமும் இல்லையென்றால் விசிறியை விடுங்கள். கார்பன், ஒயர், ஸ்விட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். உறுமினால் கரன்ட் போகிறது, ஏதோ சுற்ற விடாமல் பிடித்திருக்கிறது. இந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டுப் போட்டுப் பார்ப்பது ஆர்மேச்சரைக் கொளுத்தும் வேலை. சுற்றாமல் நிற்கும் மோட்டார் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரன்டை இழுக்கும். கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சர் முனையில் கார்பன் உரசும் செம்புப் பட்டை வளையம்) கார்பன் தொடும் அந்த ஓரிரு பட்டைகள் மட்டுமே முழுச் சூட்டையும் தாங்க வேண்டிவரும்.

சோதிக்க வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரியஸ் பல்பு போர்டில் (கரன்ட் ஒரு பல்பு வழியாகவே மோட்டாருக்குப் போகும் போர்டு) போடுங்கள். 230 வோல்டில் 100 வாட் குண்டு பல்பு அரை ஆம்பியருக்குக் கீழேதான் கரன்டை விடும். மோட்டார் சிக்கியிருந்தால் பல்பு முழுசாக எரியும். சுற்ற ஆரம்பித்தால் சற்று மங்கும். இது 230 வோல்ட் இயந்திரத்துக்கான சோதனை.

அப்புறம் கார்பன்கள் இரண்டையும் கழற்றிவிட்டு ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கனமாகச் சுற்றினால் விசிறி காரணமல்ல. பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கிறது, அல்லது யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள், அது பிசினாகியிருக்கிறது. கொஞ்சம் சுற்றி, எப்போதும் அதே இடத்தில் முட்டினால் விசிறியில் கல்லோ வளைந்த இதழோ இருக்கிறது. துளிகூட அசையவில்லை, ஆனால் ஷாஃப்டை நீளவாக்கில் முன்னும் பின்னும் தள்ளினால் மயிரிழை ஆடுகிறது என்றால் பேரிங் பெரும்பாலும் பிழைத்திருக்கும். விசிறிதான் கூட்டோடு ஒட்டியிருக்கும். நீளவாக்கிலும் ஆடவில்லையென்றால் பேரிங்கே துருவில் இறுகியிருக்கலாம்.

நிமிர்ந்த வகையில் இன்னொன்று. விசிறியின் முதுகுக்கும் மோட்டார் கூட்டுக்கும் நடுவே தலைமுடியும் கார்ப்பெட் நூலும் சுற்றி, வட்டு மாதிரி கெட்டியாகியிருக்கும். கொக்கிபோல வளைத்த மெல்லிய கம்பியால் இழுத்து, பிளேடால் அறுத்து எடுங்கள். பாதி கேஸ்கள் இதிலேயே முடிந்துவிடும்.

நட்டைத் திருப்பினால் ஷாஃப்டும் கூடவே சுற்றுகிறது

எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி. பிடிக்கக் கூடாத இடங்களை முதலில் சொல்கிறேன்: கம்யூட்டேட்டரை பிளேயரால் பிடிக்காதீர்கள். வைண்டிங் கம்பிகளுக்கு நடுவே ஸ்குரூடிரைவரை நுழைத்து நிறுத்தாதீர்கள், ஒரு கம்பி அறுந்தாலும் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டும். விசிறி இதழுக்கு முட்டுக்கொடுக்காதீர்கள்.

ஷாஃப்டின் மறுமுனையைப் பாருங்கள். ஸ்குரூடிரைவர் காடியோ ஸ்பேனர் பிடிக்கத் தட்டையாகச் சீவிய இடமோ இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஆர்மேச்சரின் இரும்புத் தகட்டு அடுக்கைப் பிடியுங்கள், வைண்டிங்கை அல்ல. பழைய தோல் பெல்ட்டை அதன்மேல் சுற்றி இறுக்கினால் போதுமான பிடி கிடைக்கும். இதற்கு மோட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்ற வேண்டிவரும். கழற்றுங்கள், எப்படியும் பேரிங்கைப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

சில சமயம் பிடிக்கவே தேவையில்லை. ஆர்மேச்சர் கனமான பொருள். நட்டில் ஸ்பேனரைப் போட்டு அதன் கைப்பிடி நுனியில் சின்னச் சுத்தியலால் சட்டென்று ஒரு தட்டு தட்டினால், ஆர்மேச்சர் சுழல ஆரம்பிக்கும் முன் நட் விட்டுக்கொடுத்துவிடும். மெதுவாக அழுத்தி இழுப்பதால் வராத நட் இதில் வரும்.

நட் அசையவே மாட்டேன் என்கிறது

எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்? இதுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். டேபிள் ஃபேனின் முன்னால் உள்ள மூடியைக் கழற்ற வலப்பக்கம் திருப்புவோமே, அதே நியாயம் இங்கேயும். மோட்டார் கிளம்பும்போது ஷாஃப்ட் முந்திக்கொள்ளும், கனமான விசிறியும் நட்டும் ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் நட்டைத் தளர்த்தாமல் இறுக்கும்படி மரையை வைப்பது வழக்கம். நட் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது விசிறி இடஞ்சுழியாகச் சுற்றினால் சாதாரண வலது மரை போதும். வலஞ்சுழியாகச் சுற்றினால் இடது மரையை எதிர்பாருங்கள்.

ஓடாத மோட்டாரின் திசையை எப்படி அறிவது? இதழ்களைப் பாருங்கள். பெரும்பாலான வேக்குவம் விசிறிகளில் இதழ் நுனி, சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து வளைந்திருக்கும். எல்லாத் தயாரிப்பாளரும் இந்த வழக்கத்தைப் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாது. லாக் வாஷரை நம்பி வலது மரையே வைத்தவர்களும் உண்டு. ஆகவே கடைசி சாட்சி கண்தான். நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஷாஃப்டைச் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். கோடுகள் வலப்பக்கம் ஏறினால் வலது மரை, இடப்பக்கம் ஏறினால் இடது மரை. வெளியே நீட்டியிருக்கும் மரையில் துருவும் வண்ணமும் போகும்வரை தேய்த்துவிடுவது இன்னொரு விதத்திலும் நல்லது. நட் வெளியே வரும் பாதை அதுதான்.

ஸ்பேனரும் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்க இயந்திரம் அங்குல அளவு. பழைய பிரிட்டிஷ் இயந்திரம் என்றால் விட்வொர்த் குடும்ப அளவாக இருக்கலாம். மில்லிமீட்டர் ஸ்பேனர் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும், அந்தக் கிட்டத்தட்டதான் மூலைகளை உருட்டிவிடும். ஆறு முகம் உள்ள பாக்ஸ் ஸ்பேனர் சரியாக உட்கார்ந்தால் மட்டும் பலம் கொடுங்கள்.

திசையும் ஸ்பேனரும் சரி, இன்னும் வரவில்லையா? அப்போது துரு. துருவைக் கரைக்கும் எண்ணெயை இரண்டு மூன்று சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மோட்டாரைப் படுக்கவைத்து விடுங்கள். விசிறி மேலே இருக்கும்படி நிறுத்தி ஊற்றினால் எண்ணெய் வழிந்து கீழே பேரிங்குக்குப் போய் அங்கிருக்கும் கிரீஸைக் கழுவிவிடும், கம்யூட்டேட்டரையும் எட்டலாம். அடுத்த நாள் கனமான சால்டரிங் அயர்னின் முனையை நட்டின்மேல் சில நிமிடம் அழுத்தி வைத்துச் சூடாக்குங்கள். சூடு பெரும்பாலும் நட்டிலேயே நிற்கும், பேரிங்குக்கு அதிகம் போகாது. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி, அப்புறம் தளர்த்தும் பக்கம். ‘டிக்’ என்ற சத்தம் கேட்டால் வேலை முடிந்தது.

அதற்கும் மசியவில்லையென்றால் நட்டைப் பலிகொடுங்கள். சின்ன ரோட்டரி டூலில் வெட்டும் வட்டைப் போட்டு, நட்டின் ஒரு முகத்தில் மரையைத் தொடாத ஆழத்துக்குக் காடி வெட்டி, அதில் உளியை வைத்துத் திருகினால் நட் பிளந்துவிடும். நட் போனால் லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். விசிறி போனால் தேடி அலைய வேண்டும். ஷாஃப்ட் போனால் மோட்டாரே போச்சு. எதை இழக்கலாம் என்ற வரிசை அதுதான்.

நட்டே காணோம்

சில நிமிர்ந்த வகைகளில் விசிறியின் குடத்துக்குள்ளேயே (ஷாஃப்ட் நுழையும் நடுப்பகுதி) மரை இருக்கும், விசிறி நேரடியாக ஷாஃப்டில் ஏறியிருக்கும். ஷாஃப்ட் முனை விசிறியைத் தாண்டி நீண்டு, அதில் பிரஷ் உருளையின் பெல்ட் ஓடும். இதில் புல்லரை (கால்களால் பிடித்து, நடுத் திருகால் இழுக்கும் கருவி) போட்டு இழுத்தால் மரை முழுவதும் வழித்துக்கொண்டு வரும். குடத்தில் ஸ்பேனர் பிடிக்கும் முகங்கள் உண்டா, ஷாஃப்டில் மரைக்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திசைக் கணக்கு மேலே சொன்னதேதான். சுற்றிக் கழற்றும்போது இதழ்களைப் பிடிக்காமல், குடத்தை ஒட்டி அகலமான ரப்பர் பட்டையால் பிடியுங்கள்.

நட் வந்துவிட்டது, விசிறி வரவில்லை

அதிகப் பொறுமை கேட்பது இதுதான்.

ஷாஃப்ட் எஃகு, விசிறி பெரும்பாலும் அலுமினியம். இரண்டும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி, அது உண்டான அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கும். குடத்துக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே முன்பு சன்னமான இடைவெளி இருந்த இடத்தில் இப்போது அந்தப் பொடி ஆப்பு அடித்ததுபோல் இறுகியிருக்கும். குடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் காரணம் இதுதான். சிவப்பாக இருந்தால் எஃகுக் குடம், எஃகு ஷாஃப்ட், சாதாரணத் துரு.

இழுக்கும் முன் விசிறி எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். தொட்டி வகை விசிறிகளில் பெரும்பாலும் இரண்டு மெல்லிய அலுமினியத் தட்டுகள், நடுவே இதழ்கள், எல்லாம் ரிவிட் அடித்தவை. நடுக் குடம் தனித் துண்டு. முன்தட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தால் ரிவிட் பிய்ந்து, தட்டு மட்டும் கையோடு வரும். எந்த முறையானாலும் விசை குடத்தின் அடியில் படவேண்டும். இது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

குடம் மங்கிய சாம்பல் நிறத்தில், மேலே மெல்லிய விரிசல் வலையோடு இருந்தால் துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். 1929-ல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் மிகத் தூய துத்தநாகத்தில் ஸமாக் கலவையைக் கொண்டுவருவதற்கு முந்தைய வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்து, காலப்போக்கில் உள்ளேயே அரித்து வீங்கி நொறுங்கும். அதன் பிறகும் மலிவான வார்ப்புகளில் இது உண்டு. வீங்கிய குடம் ஷாஃப்டை இறுகப் பிடிக்கும். அதைக் காப்பாற்ற முடியாது. எப்படியும் உடையப்போகிறது என்று எண்ணி, ஷாஃப்டில் கீறல் விழாமல் குடத்தை அறுத்தெடுங்கள்.

மற்றவற்றுக்கு எண்ணெய், சூடு, புல்லர் என்ற வரிசை. எண்ணெயை முன் சொன்னபடி படுக்கவைத்து விட்டு, அவ்வப்போது திருப்பி வையுங்கள். ஒரு ராத்திரி போதாது, இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

சூட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 8 மி.மீ. துளையுள்ள குடத்தை மட்டும் 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை சுமார் 0.018 மி.மீ. பெரிதாகும். ஷாஃப்டும் அதே அளவு சூடாகிவிட்டால் வித்தியாசம் 0.009-க்குக் குறைந்துவிடும். அதாவது வேகமாகச் சூடாக்கி, ஷாஃப்டுக்குச் சூடு போகும் முன் இழுத்தால்தான் முழுப் பலன். ஹீட் கன்னின் வாயைக் குறுக்கி, குடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சீறும் அளவு சூடு போதும். அதற்கு முன் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், அதன் ஆவி தீப்பிடிக்கும்.

நெருப்பு ஜ்வாலை கூடவே கூடாது. பேரிங் கிரீஸும் இன்சுலேஷனும் கெடும் என்பது ஒன்று. இன்னொன்று, 1936-ல் ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150 போன்ற சில இயந்திரங்களின் வார்ப்பு மெக்னீசியக் கலவை. அதன் தூளும் சீவலும் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

அடுத்து புல்லர். கடையில் கிடைக்கும் பேரிங் புல்லரின் கால்கள் விசிறிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே நுழையாது, இடைவெளி சில மில்லிமீட்டர்தான். இதற்கு லேத் பட்டறையில் 3 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு வட்டம் வெட்டி, நடுவே ஷாஃப்ட் நுழையும் துளை போட்டு, இரண்டு பாதியாக அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரு பாதிகளையும் இருபுறமிருந்து குடத்தின் அடியில் செருகி, புல்லரின் கால்களை அந்தத் தகட்டில் மாட்டினால் விசை முழுவதும் குடத்தில் விழும். மோட்டார் கூட்டிலிருந்து ஆர்மேச்சரையும் விசிறிப் பக்கத்து மூடியையும் ஒன்றாக வெளியே எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள், கை நுழைய இடம் கிடைக்கும்.

புல்லரின் நடுத் திருகு ஷாஃப்ட் முனையில் நேராக உட்காரக் கூடாது, முனை மலர்ந்துவிடும். பழைய நட்டை முனைக்குச் சமமாகத் திருகி வைத்து, மேலே சின்னப் பித்தளைத் துண்டு போட்டு அதன்மேல் திருகை வையுங்கள். இறுக்கமாகும்வரை திருகி நிறுத்துங்கள். குடத்தைச் சூடாக்குங்கள். புல்லர் திருகின் தலையில் லேசாக ஒரு தட்டு. வரவில்லையா, கால் சுற்று மட்டும் கூட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். இறுக்கத்தில் வைத்துவிட்டுப் போனது தானாகவே ‘டக்’கென்று விடுவது உண்டு.

சுத்தியலால் ஷாஃப்ட் தலையில் நேராக அடித்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: பால் பேரிங் என்றால் குண்டுகள் வளையத்தில் பள்ளம் போடும், அப்புறம் ஓடும்போதெல்லாம் இரையும். ஷாஃப்ட் மெல்லியது, வளையும். வளைந்ததை நேராக்க முடியும் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு, நான் நம்புவதில்லை.

மேல் விசிறி வந்தது, கீழே இருப்பது வரவில்லை

நடுவில் இருக்கும் அசையாத தட்டை முதலில் எடுக்க வேண்டும். அது வெளிக்கூட்டோடு அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும், சில மோட்டார்களில் கூட்டின் விளிம்பை மடித்தும் விட்டிருப்பார்கள். கூட்டில் ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துவிட்டு, விளிம்பைச் சுற்றிச் சுற்றி மரத்துண்டால் தட்டி மேலே எழுப்புங்கள். ஒரே பக்கம் நெம்பினால் தட்டு சாய்ந்து இன்னும் இறுகும். அதன் கீழே ஒரு குழாய்த்துண்டு ஷாஃப்டில் செருகியிருக்கும். இரண்டு விசிறிகளின் இடைவெளியைத் தீர்மானிப்பது அதுதான். பலர் கீழ் விசிறி சிக்கியிருக்கிறது என்று எண்ணிப் போராடுவது உண்மையில் இந்தக் குழாயோடுதான். அதைத் தனியாகச் சூடாக்கிப் பிளேயரால் சுற்றி எடுத்துவிட்டால், விசிறி பெரும்பாலும் கையோடு வந்துவிடும்.

மோட்டார் அலறுகிறது, உறிஞ்சல் இல்லை

இது நேர் எதிர்ச் சிக்கல். குடம் ஷாஃப்டில் வழுக்குகிறது, சுமை இல்லாத மோட்டார் கட்டுமீறி வேகமெடுக்கிறது. உடனே நிறுத்துங்கள். நட் தளர்ந்திருக்கும் அல்லது ரிவிட் விட்டிருக்கும். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் கம் போட்டு ஒட்ட வேண்டாம். குடத்துக்குப் புது புஷ் (உள்ளே செருகும் உலோகக் குழாய்) போடுவதுதான் வழி.

திரும்பப் பூட்டும்போது

ஷாஃப்டை மெல்லிய எமரி பேப்பரால் பளபளப்பாக்கும் அளவுக்கு மட்டும் தேயுங்கள், அளவு குறையும்வரை அல்ல. விசிறியை வெளிச்சத்தில் காட்டி விரிசல் தேடுங்கள். விரல் நகத்தால் தட்டினால் நல்ல விசிறி மணிச்சத்தம் தரும், விரிசல் உள்ளது ‘தட்’ என்று மழுங்கும். விரிசல் இருந்தால் மறுபடி போடாதீர்கள். 14 செ.மீ. விசிறி நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு நொடிக்கு 88 மீட்டர் வேகத்தில் போகிறது, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு இதழ் கழன்றால் கூட்டைத் துளைக்கும்.

குடத்துக்குள் அரிப்பைத் தடுக்கும் கிரீஸை விரலால் ஒரு பூச்சு, அதற்கு மேல் வேண்டாம். வாஷர்களைக் கம்பியில் கோத்த வரிசையிலேயே போடுங்கள். நட்டை இறுக்கியதும் விசிறியைக் கையால் சுற்றி, விளிம்பு எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். பேரிங் பழைய வெண்கல புஷ் என்றால், எண்ணெய் கழுவப்பட்டுப் போன ஃபெல்ட்டில் (எண்ணெயைத் தேக்கிவைக்கும் கம்பளித் துண்டு) டிடர்ஜென்ட் கலக்காத எஸ்ஏஇ 20 எண்ணெயைச் சில சொட்டு ஊற விடுங்கள்.

முதல் ஓட்டம் சீரியஸ் பல்பில், அமெரிக்க இயந்திரமானால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) குறைந்த வோல்டேஜில். விசிறிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். நன்றாகச் சுற்றினால் முழு வோல்டேஜ் கொடுத்து ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, பேரிங் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் நட்டோ வாஷர் வரிசையோ ஷாஃப்டை ஒரு பக்கம் அழுத்துகிறது, மறுபடி திறக்க வேண்டும். கார்பனில் சின்ன நீலப்பொறி வருவது சகஜம். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் அது விசிறி விவகாரம் அல்ல, ஆர்மேச்சரைச் சோதிக்கக் கொடுங்கள்.